பத்தாயிரம் வாட்டும் பாட்டியின் காதும்

திருவண்ணாமலையில் வசிக்கும் உங்கள் தாத்தா பாட்டிக்கு ஐம்பதாவது திருமண நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு மண்டபம் பேசியாகிவிட்டது. சமையற்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. காலையில் கோவிலில் அருச்சனை, பிறகு மண்டபத்தில் நாகசுரம். மாலையில் டி.ஜே. இருந்தே ஆகவேண்டும் என்பது பேரப்பிள்ளைகளின் பிடிவாதம். அவரைப் பேசி அமர்த்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. தொலைபேசியில் அழைக்கிறீர்கள். மறுமுனையில் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பத்தாயிரம் வாட் சவுண்டு சார், எட்டு பாக்ஸ், லைட்டு தனி."

இதைக் கேட்டு நீங்கள் மகிழலாமா, அஞ்சலாமா? இரண்டும் வேண்டாம். முதலில் வாட் என்பது எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

வாட் என்பது மின்திறனை அளக்கும் அலகு. ஆம்ப்ளிஃபயர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் எவ்வளவு மின்திறனைச் செலுத்த வல்லது என்பதே அதன் பொருள். நம் காதில் வந்து விழும் ஒலியை டெசிபெல் என்ற வேறோர் அலகால் அளக்கிறோம். டெசிபெல் ஒரு மடக்கை அளவு. பள்ளியில் படித்த மடக்கை அட்டவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். அந்தப் 10 டெசிபெல் கூடினால்தான் 'சத்தம் இரட்டிப்பாயிற்று' என்று நம் காது உணர்கிறது. ஆகவே ஐயாயிரம் வாட்காரரை விட்டுப் பத்தாயிரம் வாட்காரரை அமர்த்தினால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். கூர்ந்து கேட்டால்தான் அந்த வேறுபாடு தெரியும். வாடகையில் உள்ள வேறுபாடு கூர்ந்து பார்க்காமலே தெரிந்துவிடும்!

இன்னொரு கணக்கு. விழாக்களில் வைக்கப்படும் நல்ல பெட்டி ஒன்று, ஒரே ஒரு வாட் மின்திறனில், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 97 டெசிபெல் ஒலியைத் தரக்கூடியது. அதே பெட்டிக்கு 100 வாட் கொடுத்தால் 117 டெசிபெல். காது வலியெடுக்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 120. அஃதாவது, முந்நூறு பேர் அமரும் மண்டபத்தில் உங்கள் தேவைக்குச் சில நூறு வாட்டே தாராளம். ஆகவே எத்தனை வாட் என்பதை விட்டுவிட்டு, "பாட்டியின் நாற்காலியில் எத்தனை டெசிபெல் விழும்?" என்று டி.ஜே.யிடம் கேளுங்கள். அவர் சற்றுத் திகைப்பார். பரவாயில்லை.

ஏன் பாட்டியின் நாற்காலி?

பிற டி.ஜே. நிகழ்ச்சிகளுக்கும் குடும்ப விழாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல்லூரி விழாவுக்கு வருபவர்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். அவர்கள் பாட்டுக்காகவே வருகிறார்கள். திருமண நாள் விழாவிலோ மூன்று மாதக் கைக்குழந்தையும் எண்பது வயதுப் பெரியவரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். பாதிப்பேர் ஆட வந்தவர்கள். மீதிப்பேர் பேச வந்தவர்கள். ஒலி ஒன்று, காதுகள் பலவகை.

நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் உண்டு. அதனுள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவைதாம். பேரொலியில் இவை வளைந்து துவளும். ஒலி நின்றபின் பல மீண்டும் நிமிரும். சில நிமிராமல் மடிந்துபோகும். மடிந்தவை மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கின்றன என்று 1980-களில் கண்டறிந்தார்கள். அந்த வகையில் கோழி கொடுத்துவைத்தது. செல் மடியாமல் தப்பினாலும் அதற்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்பு அறுந்துபோகக் கூடும் என்று 2009-இல் எலிகளில் செய்த ஆராய்ச்சி காட்டிற்று. அப்படி அறுந்தவர்களுக்கு அமைதியான அறையில் கேள்வித்திறன் குறையாதது போலவே தோன்றலாம்; கூட்டத்தில்தான் பேச்சு புரியாது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எவ்வளவு ஒலியை எவ்வளவு நேரம் தாங்கலாம்? தொழிலாளர் நலனுக்காக அமெரிக்காவில் வகுத்த ஒரு கணக்கு பலவிடங்களிலும் வழங்குகிறது. 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரைமணி, 100-க்குக் கால்மணி. இப்போது மேலே சொன்ன அந்த 3 டெசிபெலை நினைத்துப் பாருங்கள். காதுக்கு அது 'சற்றே கூடுதல்'. நுண்மயிர்ச் செல்லுக்கோ இரண்டு மடங்கு சுமை. நாம் உணர்வதும் நம்மைத் தாக்குவதும் ஒரே அளவில் செல்லாததுதான் இதிலுள்ள ஆபத்து.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென ஒரு தரவரையறை வெளியிட்டது. அதன்படி எந்தக் கால்மணி நேரத்திலும் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது. இளைப்பாற ஓர் அமைதியான பகுதியும் இருக்கவேண்டும். ஆட்டம் பாட்டத்துக்கென்றே வருபவர்களுக்கு வகுத்த உச்சவரம்பு இது. மடியில் குழந்தையுடன் அமர்ந்திருக்கும் மருமகளுக்கு வகுத்தது அன்று.

உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

வயதாக ஆகச் செவியில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். தமிழ் எழுத்துகளை வைத்தே இதை விளக்கலாம். அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்களை அடையாளம் காட்டுபவை குறுகிய, உயர் அதிர்வெண் ஒலித்துணுக்குகள். ஆகவே முதியவருக்கு உயிர் கேட்கும், மெய் நழுவும். 'பட்டு', 'தட்டு', 'கட்டு' மூன்றும் அவருக்கு ஒன்றுபோல ஒலிக்கும். "காது கேட்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியலை" என்று பாட்டி சொல்வது இதைத்தான்.

இதனுடன் டி.ஜே.யின் பேஸ் பெட்டி சேர்ந்தால் என்ன ஆகும்? ஒலியியலில் 'மறைத்தல்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. பலத்த ஒலி ஒன்று அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதில் விழாமல் செய்துவிடும். அதிலும் தாழ்ந்த அதிர்வெண் ஒலி உயர்ந்ததை எளிதில் மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது. நம் முன்னோர் இந்த மறைத்தலை நன்றாகவே பயன்படுத்தினார்கள். தாலி கட்டும் நேரத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுவதும் தவில் முழங்குவதும் எதற்கு? அந்த நொடியில் எங்கோ ஒருவர் தும்முவதோ அமங்கலச் சொல் சொல்வதோ காதில் விழாமலிருக்கத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சகுனத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஒலியியல் சரியாகவே இருக்கிறது! ஆனால் கெட்டிமேளம் ஒருசில நிமிடங்களே. டி.ஜே. மூன்று மணி நேரம்.

நாகசுரமும் தவிலும் மெல்லிய வாத்தியங்கள் அல்ல. தேரோடும் மாடவீதியில், திறந்தவெளியில் ஒலிப்பதற்கென்றே அமைந்தவை. மூடிய மண்டபத்தில் தவிலுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தால் காது அடைத்துத்தான் போகும். எனினும் வித்துவான்கள் ஏற்றி இறக்குவார்கள், இடையில் வெற்றிலை போடுவார்கள், ஆலாபனையில் காது இளைப்பாறும். இன்றைய ஒலிப்பதிவுகளில் மெல்லிய பகுதியை உயர்த்தி, உரத்த பகுதியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு மணிவிழா எனக்கு நினைவுக்கு வருகிறது. மேடையில் அமர்ந்திருந்த அத்தை, வாழ்த்த வந்த ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துக்கொண்டே இருந்தார். மேடையின் இருபுறமும் ஆளுயரப் பெட்டிகள். மறுநாள் காலையில், "நேத்து வந்தவங்க எல்லாம் என்னடா சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிவந்த பள்ளித்தோழி அவர் காதருகே குனிந்து நெடுநேரம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அது என்னவென்று அத்தைக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வெற்று மண்டபமும் நிறைந்த மண்டபமும்

மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி உடனே அடங்காமல் இழுத்துக்கொண்டே போகும். இதுவே எதிர்முழக்கம். வழவழப்பான தரை, சிமெண்டுச் சுவர், கண்ணாடிச் சன்னல் எல்லாம் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிகின்றன.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் 1895-இல் ஒரு சிக்கலை ஒப்படைத்தார்கள். புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சபைன் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். அவர் கண்ட விதி மிக எளியது. கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, கூடத்திலுள்ள பொருள்களின் மொத்த ஒலி உறிஞ்சும் அளவால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

நம் மண்டபத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6. கன அளவு 2,700 கனமீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு 1,440 சதுரமீட்டர். காரைப்பூச்சும் ஓடுபதித்த தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கு அளவே உறிஞ்சும் என்று கொண்டால் மொத்த உறிஞ்சல் 43. கதவுகளை மூடிய வெற்று மண்டபத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 10 நொடி! இப்போது 300 விருந்தினர் வந்து அமர்கிறார்கள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஆளுக்கு 0.45 வீதம் 135 கூடும். மொத்தம் 178. எதிர்முழக்கம் 2.4 நொடிக்கு இறங்கிவிடும். பேச்சுக்கு ஒரு நொடி அளவே நல்லது என்றாலும், இது எவ்வளவோ மேல். மனிதர்களைப் போல நல்ல மெத்தை வேறில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டி.ஜே. பிற்பகலில் வெற்று மண்டபத்தில் ஒலியைச் சரிபார்த்து வைக்கிறார். ஆட்கள் நிறைந்ததும் கூடத்தின் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் தானாகவே இறங்குகிறது. 'சத்தம் போதவில்லையே' என்று அவர் ஏற்றுகிறார். இரைச்சலில் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். விருந்தினர் அதைச் செய்கிறார்கள். பேச்சிரைச்சல் கூடிவிட்டதே என்று டி.ஜே. மறுபடியும் ஏற்றுகிறார். எட்டு மணிக்கு 88 டெசிபெலில் இருந்தது ஒன்பதரைக்கு 100-ஐத் தொட்டுவிடுகிறது. யாரும் எந்த நொடியிலும் தவறு செய்யவில்லை!

இதைத் தடுக்க ஒரே வழி பெட்டிகளின் இடம்தான். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 110 என்றால் 4 மீட்டரில் 98, 16 மீட்டரில் 86. மண்டபத்துக்குள் எதிர்முழக்கத்தால் இவ்வளவு குறையாது. எனினும் பெட்டிக்கு முன் இரண்டு மீட்டரில் நிற்பதும் பதினைந்து மீட்டரில் அமர்வதும் ஒன்றாகா. மேடையின் இருபுறமும் இரண்டு கோபுரங்களை எழுப்பிவிட்டு, கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமென்று முடுக்கினால், மேடையிலுள்ள தம்பதிக்குத்தான் முழு அடியும் விழும். அதற்குப் பதில் ஆடுமிடத்தை மண்டபத்தின் ஒரு கோடியில் ஒதுக்கி, பெட்டிகளைத் தலைக்குமேல் இரண்டு மீட்டர் உயரத் தாங்கிகளில் நிறுத்தி, ஆடுபவர்களை நோக்கிச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். வாழ்த்துரை கேட்பதற்கு ஆங்காங்கே சிறு பெட்டிகள் போதும். தம்பதியின் இருக்கை எதிர்க்கோடியில். குழந்தைகள் பெட்டிக்கு முன்னால் போய் உட்காராதபடி ஒரு மேசை வரிசையைக் குறுக்கே போட்டுவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் செலவு அதிகமில்லை.

டி.ஜே.க்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

'பாட்டுப் போட ஒரு ஆளா, கைப்பேசியே போதுமே' என்று கேட்கும் பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. டி.ஜே. என்பது டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கம். இசைத்தட்டைச் சவாரி செய்பவர் என்று பொருள். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் காம்ப்பெல் என்ற இளைஞர் தட்டுச் சுழற்றினார். கூல் ஹெர்க் என்பது அவர் பட்டப்பெயர். பள்ளிக்குப் புதுத்துணி வாங்கப் பணம் திரட்டுவதற்காக அவர் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்து அது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாற்றிமாற்றி ஓட்டி நீட்டுவதே அவர் கையாண்ட உத்தி. ஹிப்-ஹாப் இசையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்தக் குடும்ப விருந்துதான்.

இரண்டு பாட்டுகளை இடைவெளியின்றி இணைக்க, இரண்டின் தாளவேகமும் ஒன்றாக வேண்டும். ஒன்று நிமிடத்துக்கு 100 தட்டு, மற்றது 104 என்றால், முதல் தட்டை நூற்றுக்கு 4 பங்கு வேகமாகச் சுழற்ற வேண்டும். அப்போது சுருதியும் கூடவே ஏறும். அரைச்சுர இடைவெளி என்பது நூற்றுக்கு 6 பங்குதான். ஆகவே பாடகர் குரல் மெலிந்து ஒலிக்கும். இன்றைய கணினி நிரல்கள் ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி நெருக்கி அடுக்கி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றிவிடுகின்றன. ஆனால் எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு என்பதைக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வது இன்னும் மனிதர் வேலைதான். ஐம்பதாம் திருமண நாள் காண்பவர்கள் 1970-களில் மணம் முடித்தவர்கள். 'அன்னக்கிளி' 1976-இல் வந்து இளையராஜாவை அறிமுகப்படுத்திய காலம். இளமையில் கேட்ட பாட்டுகளே மனத்தில் ஆழமாகப் பதிகின்றன. முதல் அரைமணியை அந்தப் பாட்டுகளுக்கென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது பேஸைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலப் பதிவுகளில் குரல்தான் உயிர்.

பத்து மணிக்குப் பின்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக்கூடாது. மூடிய மண்டபத்துக்கு இதில் விலக்கு உண்டென்று மண்டபக்காரர் சொல்வார், அது உண்மையே. ஆனால் தனியார் இடத்தின் எல்லையில் ஒலி அப்பகுதியின் வரம்பை 5 டெசிபெலுக்குமேல் தாண்டக்கூடாது என்ற விதியையும் சேர்த்துச் சொல்லமாட்டார். குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55, இரவில் 45. ஆக, இரவில் மதில் ஓரத்தில் 50 டெசிபெல். மெல்லிய உரையாடலின் அளவு.

சுவர் தடுக்காதா? 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர். சுவர் அதை எளிதில் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். சன்னல், கூரை எல்லாவற்றையும் அதிரவைத்து வெளியேறிவிடும். தெருவில் நிற்பவருக்குப் பாட்டு கேட்காமல் 'டம் டம்' மட்டும் கேட்பது இதனால்தான். இரவு இன்னொரு வகையிலும் எதிரி. பகலில் தரையருகே காற்று சூடாக இருப்பதால் ஒலியலை மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாக இருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் தவழும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்ப் பாட்டு உங்கள் வாசலில் கேட்பதன் காரணம் இதுவே. ஒன்பதரைக்கே பேஸ் பெட்டியை அணைத்துவிடச் சொன்னால், பத்துமணிச் சண்டையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

மின்சாரம் பற்றி ஒரே சொல்: பெட்டிகளுக்கும் சீரியல் விளக்குகளுக்கும் தனித்தனி இணைப்பு, நிலக்கம்பி உள்ள மூன்று துளைப் பொருத்திகள். பாட்டில்லாதபோது 'ம்ம்ம்' என்று முனகல் கேட்டால் நிலக்கம்பி இணைப்பை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் நாட்காட்டியையும் பார்த்துவிடுங்கள். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். டி.ஜே.யின் வண்டி ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருக்க, பேரப்பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விழா மாலையில் கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, பாட்டியின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருங்கள். அது தோராயமாகத்தான் காட்டும். பேஸ் ஒலியை மிகக் குறைத்தே காட்டும். இருந்தாலும் 75-க்குள் இருந்தால் அருகில் இருப்பவர் பேச்சைச் சற்றுக் குரல் உயர்த்திக் கேட்கலாம். 85-ஐத் தாண்டினால் டி.ஜே.யிடம் போய்க் கையைத் தாழ்த்திக் காட்டுங்கள். அவர் காதில் பஞ்சடைப்பான் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வாரத்தில் நாலைந்து இரவுகள் அங்கே நிற்பவர் அவர். விழா முடிந்து படுக்கும்போது யாருக்கேனும் காதில் 'ஙொய்' என்ற இரைச்சலோ பஞ்சு அடைத்தாற்போன்ற உணர்வோ இருந்தால், அது நுண்மயிர்ச் செல்கள் துவண்டதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரவில் தெளியும். மறுநாள் மாலையிலும் தெளியவில்லையென்றால், ஒருநாள் கூடத் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.